வாடகை வாங்கும் கைக்கு ஒரு கடமை உண்டு

கடைச் சாவியைக் கொடுத்ததோடு ஓனரின் வேலை முடிந்துவிடுவதில்லை. வாடகை ஒழுங்காக வரும்வரை உள்ளே வியாபாரம் தடையில்லாமல் நடக்க வழிவிடுவதும் அவர் பொறுப்பே. சென்னை முகப்பேர் கடைவீதிகளிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

திருமங்கலத்தைத் தாண்டி முகப்பேருக்குள் நுழைந்தால், தெருவுக்குத் தெரு ஒரே அமைப்புதான். தரைத்தளத்தில் இரண்டு மூன்று ஷட்டர்கள், அதற்கு மேல் ஓனர் குடும்பம், அதற்கும் மேல் ஒரு வாடகை வீடு. கீழே மருந்துக்கடை இருக்கும், மாவுக்கடை இருக்கும், தையற்கடை, ஜெராக்ஸ் கடை, பல் கிளினிக், டியூஷன் சென்டர், பிரியாணிக் கடை இருக்கும். ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள், இன்னொரு பக்கம் பெரிய பள்ளிகளும் மருத்துவமனைகளும் இழுத்துவரும் கூட்டம். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் இந்தக் கடைகள் திறக்கின்றன.

கடை போட வருகிறவர் பெரும்பாலும் பெரிய முதலாளி அல்ல. நகையை அடகு வைத்தோ, வங்கியில் முத்ரா கடன் வாங்கியோ, வேலையை விட்ட பணத்தை வைத்தோ அட்வான்ஸ் கொடுக்கிறார். ரேக் அடிக்கிறார், போர்டு மாட்டுகிறார், ஏ.சி. வைக்கிறார். இவற்றில் பாதியைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. வாடிக்கையாளரையும் மூட்டை கட்டி எடுத்துப்போக முடியாது. ஆகவே, ஓனரால் தொல்லை வந்தாலும் உடனே காலி செய்துவிட்டுப் போக அவரால் இயலாது. வீட்டு வாடகைதாரருக்கும் கடை வாடகைதாரருக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

அந்தத் தொல்லை எப்படியெல்லாம் வரும் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வாடகையை ஏற்றிக் கேட்டு, இவர் தயங்கினால் திடீரென்று மோட்டார் போடமாட்டார்கள். ஷட்டருக்கு நேர் முன்னால் ஓனரின் கார் நிற்கும். மாடியில் புதிதாக ஒரு தளம் எழும்பும். கடை வாசலில் ஜல்லியும் மணலும் குவியும். போர்டைக் கழற்றச் சொல்வார்கள். உச்சமாக, ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு தொங்கும். ‘என் கட்டடம், நான் என்னவும் செய்வேன்’ என்ற ஒரே வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் பதில்.

அந்த வாக்கியம் சட்டப்படி தவறு. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தவறு.

1882 முதல் 2019 வரை

இன்றும் நடப்பிலுள்ள 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 108-வது பிரிவு, வாடகைக்கு விடுபவரும் எடுப்பவரும் ஒருவருக்கொருவர் என்ன செய்யவேண்டும் என்று பட்டியலிடுகிறது. அதன் (சி) உட்பிரிவு சொல்வது இது: வாடகைதாரர் வாடகையைச் செலுத்தி, தன் நிபந்தனைகளை நிறைவேற்றி வந்தால், குத்தகைக் காலம் முழுவதும் அந்த இடத்தை இடையூறின்றி அனுபவிக்கலாம் என்று உரிமையாளர் வாக்குக் கொடுத்ததாகவே கருதப்படும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும் சட்டமே அந்த வாக்கை அவர் சார்பில் கொடுத்துவிடுகிறது. கட்டடத்தை விற்றாலும், வாங்கியவரை அது தொடரும்.

ஆனால் இந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. மாறான ஒப்பந்தமோ வட்டார வழக்கமோ இல்லாதபோதுதான் இந்த உரிமைகள் பொருந்தும். கடைக்காரர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடும் அச்சடித்த அக்ரிமெண்டில் ‘உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எந்தப் பணியும் செய்யலாம், நஷ்டஈடு கேட்கக் கூடாது’ என்று ஒரு வரி இருந்தால், சட்டம் கொடுத்ததில் பெரும்பகுதியை அந்த ஒரு வரி திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் ஆட்சி செய்தது 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் 17-வது பிரிவு, வாடகைதாரர் அனுபவித்துவரும் வசதிகளில் உரிமையாளர் குறுக்கிடக் கூடாது என்று தடுத்தது. அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்ததுதான் உரிமையாளர்–வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக்கு மட்டுமல்ல, கடைக்கும் அலுவலகத்துக்கும் இதுவே சட்டம். புகார்களை விசாரிக்க, துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக நியமிக்கப்படுகிறார். அவருக்கு மேல் வாடகை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் உண்டு.

இந்தப் புதிய சட்டம் வாடகைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, ஓனர் கையை ஓங்கச் செய்தது என்று கடைக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வாடகையை இருவரும் பேசி முடித்துக்கொள்ளலாம். ஒப்பந்தக் காலம் முடிந்தால் காலி செய்யவேண்டும். ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை, தடையற்ற அனுபவத்தைக் காக்கும் விஷயத்தில் அது உறுதியாகவே நிற்கிறது.

தண்ணீரும் வெளிச்சமும்

தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், துப்புரவு, வண்டி நிறுத்தம், தொலைத்தொடர்பு, கழிப்பறை வசதி ஆகியவை அத்தியாவசியச் சேவைகள் என்று 2017 சட்டம் கணக்கில் எடுக்கிறது. இவற்றை ஓனர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல், உடனே சேவையைத் திருப்பிக் கொடுக்கும்படி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். ஐஸ்கிரீம் கடைக்கும் இறைச்சிக் கடைக்கும் மின்சாரம் இரண்டு நாள் நின்றால் சரக்கே போய்விடும் என்பதால், இந்த இடைக்கால உத்தரவுதான் இச்சட்டத்தில் கடைக்காரருக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆயுதம்.

தனி மீட்டர் கேட்டால் ஓனர் கையெழுத்து வேண்டும் என்பது இன்னொரு முட்டுக்கட்டை. 2022 மே மாதம் திலீப் – சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மின்சாரம் அடிப்படை வசதி. உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்ற காரணத்துக்காக வாடகைதாரருக்கு இணைப்பை மறுக்கக் கூடாது. விண்ணப்பித்தவர் அந்த இடத்தில் இருக்கிறாரா என்பதை மட்டும் மின்வாரியம் பார்த்தால் போதும் என்றது.

மோட்டார் சுவிட்சும் மீட்டர் பெட்டியும் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் அந்தக் கடையின் உயிர் இருக்கிறது. அதனால்தான் சட்டம் அந்தக் கையைக் கட்டிப்போடுகிறது.

வாசலை மறைக்கும் சாரம்

முகப்பேரில் தரைத்தளத்தோடு நின்ற பழைய வீடுகள் இப்போது இடிக்கப்படுகின்றன அல்லது மேல்நோக்கி வளர்கின்றன. கீழே கடை நடந்துகொண்டிருக்க, மேலே சென்ட்ரிங் அடிக்கிறார்கள். பச்சை வலை கட்டியதும் போர்டு மறைந்துவிடும். தெருவில் போகிறவர் கடை மூடிவிட்டது என்று நினைப்பார்.

ஓனர் தன் கட்டடத்தைப் பழுதுபார்க்கக் கூடாதா, கட்டக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம். எப்படிச் செய்கிறார் என்பதில்தான் கடமை இருக்கிறது. இந்த வேறுபாட்டை இரண்டு இங்கிலாந்துத் தீர்ப்புகள் நன்றாகக் காட்டுகின்றன. அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் 1882 சட்டமும் அதே மரபில் வந்தது என்பதால் பாடம் எடுத்துக்கொள்ளலாம்.

2003-இல் வந்த கோல்ட்மைல் வழக்கில் கீழே ஓர் உணவகம். ஓனர் கட்டடத்தைப் பழுதுபார்க்கச் சாரம் கட்டினார். தூசியும் மறைப்பும் வியாபாரத்தைப் பாதித்தன. ஆனால் பழுதுபார்ப்பது ஓனரின் கட்டாயப் பொறுப்பு. தொல்லையைக் குறைக்க நியாயமான எல்லா ஏற்பாடும் அவர் செய்திருந்தார். ஆகவே நஷ்டஈடு இல்லை என்றது நீதிமன்றம். 2016-இல் லண்டன் மேஃபேரில் டிமோதி டெய்லர் ஓவியக்கூடத்தின் வழக்கு வேறு மாதிரி. கூடத்துக்கு மேலிருந்த தளங்களை ஓனர் தன் லாபத்துக்காக மாற்றிக் கட்டினார். குத்தகைப் பத்திரம் அதற்கு அனுமதித்திருந்தது. என்றாலும், மிக உயர்ந்த வாடகை கொடுக்கும் கடையை மறைக்கும்படி சாரம் எழுப்பினார். வேலையைப் பற்றிக் கலந்து பேசவில்லை. வாடகையில் சலுகையும் கொடுக்கவில்லை. உரிமை இருந்தும் அதை நியாயமில்லாமல் பயன்படுத்தினார் என்று கூறிய நீதிமன்றம், வேலை நடந்த காலத்துக்கு வாடகையில் 20 சதவீதத்தை நஷ்டஈடாகக் கொடுக்கச் சொன்னது.

இதிலிருந்து முகப்பேர் ஓனர் எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. வேலை தொடங்கும் முன் கடைக்காரரை உட்கார வைத்துப் பேசுங்கள். எத்தனை மாதம், எந்த நேரம், சரக்கு எங்கே இறங்கும் என்று சொல்லுங்கள். சாரத்தின் மேல் கடையின் போர்டைத் தற்காலிகமாக மாட்ட இடம் கொடுங்கள். தீபாவளி, பொங்கல், பள்ளி திறக்கும் சீசனில் இடிப்பு வேலையை வைக்காதீர்கள். அந்த மாதங்களுக்கு வாடகையைக் குறையுங்கள். இதெல்லாம் கருணை அல்ல. வாங்கும் வாடகைக்கு எதிர்ச் சேவை.

பழுது பார்க்கக் கடைக்குள் நுழைவதற்கும் 2017 சட்டத்தில் முறை உண்டு. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, காரணம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். டாக்டர் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘சும்மா ஒரு பார்வை’ என்று கதவைத் தள்ளிக்கொண்டு வரும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பது

ஒரே கட்டடத்தில் பல கடைகள் இருக்கும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. கீழே கண் கிளினிக். ஓனர் அதற்கு மேல் ஜிம் வைக்க இடம் விடுகிறார். கனமான எடைகள் தரையில் விழும்போதெல்லாம் கீழே கூரை அதிர்கிறது. ‘அது ஜிம்காரரின் வேலை, என்னிடம் ஏன் வருகிறீர்கள்?’ என்று ஓனர் கேட்கலாமா?

1894-இல் இங்கிலாந்தில் ஆல்டின் என்ற மர வியாபாரியின் வழக்கு இதற்கு நல்ல விடை. மரத்தைக் காற்றில் உலர்த்துவதற்காகவே அவர் இடம் எடுத்திருந்தார். இடத்தைக் குத்தகைக்கு விட்டவரின் பக்கத்து நிலம் பின்னர் ஒரு மின்சார நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்கள் எழுப்பிய கட்டடம் கொட்டகைக்குப் போகும் காற்றை அடைத்தது. ஒரு தொழிலுக்கு என்று தெரிந்தே இடம் விட்டவரும், அவர் வழியில் உரிமை பெற்றவரும், அந்தத் தொழிலையே முடக்கும் காரியத்தைச் செய்யக் கூடாது என்று தீர்ப்பானது.

கொடுத்ததைக் கெடுக்காதே என்பதுதான் இதன் சாரம். கண் கிளினிக்குக்கு என்று தெரிந்து இடம் கொடுத்த ஓனர், மேல்தளத்தை யாருக்கு விடுகிறார், என்ன நிபந்தனையோடு விடுகிறார் என்பதில் கீழே இருப்பவரையும் மனதில் வைக்கவேண்டும். ஜிம்முக்கு விடலாம், அதிர்வைத் தாங்கும் ரப்பர் தரை போடவேண்டும் என்று அந்த அக்ரிமெண்டில் எழுதலாம். அந்த அதிகாரம் ஓனர் ஒருவர் கையில்தான் இருக்கிறது. அதிகாரம் எங்கிருக்கிறதோ, பொறுப்பும் அங்கேதான் இருக்கும்.

வீட்டு மனையில் கடை

முகப்பேருக்கே உரிய, எல்லோரும் பேசத் தயங்கும் விஷயம் இது. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் மனை பிரித்துக் கொடுத்த பகுதிகளில் முகப்பேரும் ஒன்று. கிழக்கு, மேற்கு, ஏரித் திட்டம் என்று விரிந்த இந்த மனைகளில் பெரும்பகுதி குடியிருப்புக்காக வரையப்பட்டவை. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்த பிறகு மக்கள் பெருகினார்கள், கடைகளும் பெருகின. எல்லாக் கட்டடங்களிலும் வரைபட அனுமதி அதற்கேற்ப மாறவில்லை.

வீட்டுக்கு என்று அனுமதி வாங்கிய இடத்தைக் கடையாக விட்டால் விளைவு கடைக்காரர் தலையில்தான் விடியும். நகர ஊரமைப்புச் சட்டத்தின்படி அதிகாரிகள் பூட்டிச் சீல் வைக்கலாம். வீட்டு மின் இணைப்பில் கடை நடந்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம் மதிப்பிடப்படும். சொத்து வரியைக் குடியிருப்புக் கணக்கிலேயே வைத்துக்கொள்ள நினைக்கும் ஓனர், தொழில் உரிமத்துக்கும் ஜி.எஸ்.டி. பதிவுக்கும் வேண்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டார். மூன்றாண்டு ஓடிய கடை ஒரு நோட்டீஸில் நின்றுபோகும்.

இங்கேயும் 1882 சட்டம் பேசுகிறது. இடத்தை என்ன உபயோகத்துக்கு எடுக்கிறார்களோ, அதற்குக் குந்தகமான முக்கியமான குறை ஓனருக்குத் தெரிந்திருந்து, எடுப்பவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை வெளிப்படுத்துவது ஓனரின் கடமை. கடைக்கு என்று வாடகை பேசிவிட்டு, கடைக்கான அனுமதி இல்லை என்பதை மறைப்பவர், தடையற்ற அனுபவத்தை முதல் நாளிலேயே உடைத்துவிடுகிறார். சத்தம் போட்டு மிரட்டும் ஓனரைவிட, சிரித்துக்கொண்டே இதை மறைக்கும் ஓனர்தான் அதிக நஷ்டத்தை உண்டாக்குகிறார்.

எதற்கு ஓனர் பொறுப்பல்ல?

நியாயம் இரு பக்கமும் வேண்டும். மாநகராட்சி மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினால், அதற்கு ஓனரைக் குற்றம் சொல்ல முடியாது. கோயம்பேட்டிலிருந்து முகப்பேர், அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை திட்டமிடப்பட்டிருக்கும் மெட்ரோவுக்காக நாளை தடுப்பு வைத்தாலும் அப்படித்தான். அவருக்குச் சம்பந்தமில்லாத அடுத்த கட்டடத்துக்காரரின் அத்துமீறலும் அவர் கணக்கில் சேராது. அத்தகைய காலத்தில் வாடகைச் சலுகை வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளவேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளம் மேற்கு முகப்பேர், நொளம்பூர் பக்கம் புகுந்தபோது அதுவும் ஓனர் செய்ததல்ல. ஆனால் வெள்ளத்துக்குப் பின் ஊறிப்போன சுவரையும் நனைந்த வயரிங்கையும் சரிசெய்வது யார் வேலை? கட்டடத்தின் அடிப்படைப் பழுது, குழாய் மாற்றம், மின் வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு என்று 2017 சட்டத்தின் அட்டவணை பிரித்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்ற சில்லறைப் பழுதுகள் வாடகைதாரருடையவை. ஓனர் செய்யவேண்டிய பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்தில் அவர் செய்யாவிட்டால், கடைக்காரர் தானே செய்து செலவை வாடகையில் கழிக்க 1882 சட்டமே வழி வைத்திருக்கிறது.

ஓனர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். அந்த வாடகைதான் அவர்களுக்கு மருந்தும் அரிசியும். மாதக்கணக்கில் வாடகை பாக்கி வைத்து, காலி செய்யவும் மறுத்து, அவர்களைக் கோர்ட்டுக்கு அலையவிடும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். வாடகையைக் கட்டுபவருக்குத்தான் சட்டத்தின் பாதுகாப்பு. அந்த நிபந்தனை சரியானதே.

வாடகையை நிறுத்தாதீர்கள்

கோபம் வந்ததும் கடைக்காரர் முதலில் செய்ய நினைப்பது வாடகையை நிறுத்துவது. அது ஆபத்து. இரண்டு மாத பாக்கியே வெளியேற்றத்துக்குக் காரணமாகிவிடலாம். 1966-இல் கல்கத்தாவின் ஸ்டீபன் கோர்ட் நிறுவனம் தொடர்பான வழக்கில், பேசிய மூன்று படுக்கையறைகளில் ஒன்றை ஓனர் கொடுக்கவே இல்லை. வாடகைதாரர் முழு வாடகையையும் நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. அனுபவித்த பகுதிக்கு ஏற்ற வாடகையைக் கொடுக்கவேண்டும் என்றது. முழுவதும் நிறுத்தலாமா, குறைக்கலாமா என்பது ஒவ்வொரு வழக்கின் சூழலைப் பொறுத்தது என்றும் சொன்னது. அதை நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

வாடகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஓனர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தும் வழியைப் பயன்படுத்துங்கள். தொல்லையைத் தேதியோடு படம் எடுத்து, அன்றைய விற்பனைக் கணக்கோடு சேர்த்து வையுங்கள். முதல் புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டால் தயங்காதீர்கள்: சட்ட வழியன்றி வெளியேற்றப்பட்டவர் இடத்தைத் திரும்பப் பெற, 1963-ஆம் ஆண்டின் குறித்த வகை நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவு ஆறு மாத அவகாசம் தருகிறது. அந்த ஆறு மாதம் போனால் அந்த வழி அடைபட்டுவிடும்.

வாடகைக்கு எடுத்தவரின் உரிமை எவ்வளவு ஆழமானது என்பதற்கு 2014-இல் வந்த ஷா ரதன்சி கிம்ஜி தீர்ப்பு சாட்சி. மாநகராட்சி கட்டடத்தையே இடித்த பிறகும் வாடகைதாரரின் குத்தகை உரிமை அழிவதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது.

அக்ரிமெண்டில் எழுதவேண்டியவை

• வாடகை ஒழுங்காக வரும்வரை வியாபாரத்துக்கு இடையூறு செய்யமாட்டேன், என் மற்ற வாடகைதாரர்களையும் செய்யவிடமாட்டேன் என்ற ஓனரின் உறுதி.

• என்ன தொழில் நடக்கும் என்பதும், அதற்கு ஏற்ற கட்டட அனுமதி, வணிக மின் இணைப்பு, சொத்து வரி இருக்கின்றன என்பதும்.

• போர்டு வைக்கும் இடம், வாசல், வாடிக்கையாளர் வண்டி நிறுத்தும் அளவு.

• தண்ணீர் எந்த நேரம், மோட்டார் சுவிட்ச் யார் கையில், மீட்டர் பெட்டிக்குக் கடைக்காரர் எப்படிப் போவது.

• கட்டட வேலை என்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்த நேரத்தில் வேலை, வாடகையில் எவ்வளவு குறைப்பு.

• ஒப்பந்தக் காலத்துக்குள் வெளியேறச் சொன்னால், பொருத்திய சாமான்களுக்கு ஈடு. அட்வான்ஸ் திரும்பும் நாள்.

அட்வான்ஸ் விஷயத்தில், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டுச் சட்டம். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சட்டம் கடைகளுக்கு ஆறு மாதம்வரை அனுமதிக்கிறது. நடப்பில் அதற்கும் மேல் கேட்கிறார்கள் என்றால், அவ்வளவு பணத்தைக் கையில் வைத்திருப்பவரின் கடமையும் அந்த அளவுக்குக் கூடுகிறது.

பதினோரு மாத அக்ரிமெண்ட், அதுவும் பதிவு செய்யாமல், பிறகு வாய்ப்பேச்சிலேயே ஐந்தாறு ஆண்டு ஓட்டுவது முகப்பேரின் வழக்கம். 2017 சட்டம் எல்லா வாடகையையும் எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. நடப்பிலிருந்த வாடகையை எழுத்தாக்கத் தவறியதே வெளியேற்ற ஒரு காரணமாகவும் அதில் இருக்கிறது. வாய்ப்பேச்சில் இருக்கும் கடைக்காரர் இன்றே எழுத்துக்கு வரவேண்டும். கட்டடம் வீட்டுவசதி வாரியம் போன்ற அரசு அமைப்புக்கே சொந்தமென்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே ஒதுக்கீட்டு நிபந்தனைகளையும் 1882 சட்டத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அரசும் இதில் கைகட்டி நிற்க முடியாது. வாடகை அதிகாரி என்று ஒருவர் இருப்பதே பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. மண்டல அலுவலகங்களிலும் காவல் நிலையங்களிலும் அந்த அலுவலகத்தின் முகவரியைத் தமிழில் பெரிதாக எழுதி வைக்கவேண்டும். ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பும் காவலர், எங்கே போகவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பவேண்டும். வியாபாரிகள் சங்கங்கள் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு மாதிரி அக்ரிமெண்டைத் தமிழில் தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கவேண்டும்.

ஓனர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் கீழ்த்தளத்தில் கடை நன்றாக நடந்தால்தான் உங்களுக்கு மாதம் தவறாமல் வாடகை வரும். கடை நொடித்தால் பாக்கி, வழக்கு, மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் ஷட்டர் ஆகிய மூன்றும் உங்களிடம்தான் வந்து சேரும். கடைக்காரரின் நிம்மதியைக் காப்பது சட்டம் உங்கள்மேல் வைத்த கடமை. உங்கள் வருமானத்துக்கு அதுவே காப்பீடும்கூட. அடுத்த அக்ரிமெண்ட் எழுதும்போது, வாடகைத் தொகைக்கு அடுத்த வரியாக அந்தக் கடமையையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.